கதை நம்ம நிலம், எழுத்துதான் பட்டா

(போடிநாயக்கனூரில் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்குமாக நடந்த ஒருநாள் திரைக்கதைப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, சினிமாவுக்குக் கதை எழுதணும்னு ஆசை. சென்னையில யாரைப் பார்க்கணும்?" இருபது வயசுல நானும் இதே கேள்வியோடதான் பஸ் ஏறினேன். அப்ப போடியில மீட்டர்கேஜ் ரயில் மதுரை வரைக்கும் ஊர்ந்து போகும். 2010 கடைசியோட அதையும் அகலப்பாதைக்காக நிறுத்திட்டாங்க. 2023 ஜூன்லதான் திரும்பி வந்துச்சு. இப்ப போடியில ஏறிப் படுத்தா சென்னை சென்ட்ரல்ல எந்திரிக்கலாம். அதனால போறது கஷ்டமில்லை. போகும்போது கையில என்ன இருக்குங்கிறதுதான் கேள்வி.

யாரைப் பார்க்கணும்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முந்தி, எதைப் பார்க்கணும், எங்கே நின்னு பார்க்கணும், பார்த்ததை யார் பேர்ல எழுதி வைக்கணும்? இந்த மூணுதான் இன்னைக்குப் பேச்சு.

நம்ம மலை சினிமாக்காரங்களுக்குப் புதுசு இல்லை. 2010-ல் வந்த 'மைனா' குரங்கணிப் பக்கம் எடுத்த படம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனையோ யூனிட் வேன் இந்த மலை ஏறியிருக்கு. அவர்களுக்கு இது லொகேஷன். பனி இருக்கு, பள்ளத்தாக்கு இருக்கு, ஒரு பாட்டு எடுக்கலாம். அந்த லொகேஷன்ல நாம யாரு? கூட்டம். "ஏய், அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு"ன்னு மைக்கில சொல்வாங்களே, அந்தக் கூட்டம். மலை படத்துல இருக்கும். மலையில வேலை செய்யுற சனம் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத் தீயை எடுத்துக்கோங்க. மலையேற்றத்துக்கு வந்த பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். நெஞ்சு பதறுகிற சாவு. நாடு முழுக்க டிவி பார்த்தது. ஆனா ஹெலிகாப்டர் வர்றதுக்கு முந்தி அந்தச் சரிவுல ஏறிப்போய் உதவிக்கு நின்னவர்களில் அடிவாரத்துச் சனமும் உண்டு. அவங்க முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இல்லை. கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரைக்கதை எழுதுறவன் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஃபிரேமுக்கு வெளியே நிக்கிறது யாரு?

இந்தக் கேள்வியை நம்ம மலையில வச்சே கேட்ட படம் ஒண்ணு வந்துச்சு. 'மேற்குத் தொடர்ச்சி மலை'. 2018 ஆகஸ்ட் 24-ல் வெளியானது. லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா இசை, தயாரிப்பு விஜய் சேதுபதி. கதை என்ன? ரங்கசாமி ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலையிறங்குற கூலி. நிலமில்லாதவன். அவனுக்கு ஒரே ஆசை, கொஞ்சம் நிலம் வாங்கணும். அம்புட்டுத்தான்.

இதுல திரைக்கதை வேலை எங்கே இருக்குன்னு பாருங்க. "ஏழைகள் கஷ்டப்படுகிறார்கள்" என்பது கதை இல்லை. அது கட்டுரை. "இவனுக்கு இந்த நிலம் வேணும்" என்பதுதான் கதை. ஏன்னா, வேணும்னு ஒருத்தன் நடக்க ஆரம்பிச்சா கேமரா பின்னாடி நடக்கலாம். கையெழுத்து ஆகப்போற நேரத்துல கிரயம் தவறிப் போகுது. இன்னொரு தடவை, காசாகப் போற ஏலக்காய் மூட்டை மலையில உருண்டு சிதறுது. சிதறி ஓடுறது காய் மட்டும் இல்லை, அவனோட வருஷங்கள். அந்த இடத்துக்கு வசனம் எதுக்கு? அப்புறம் நிலம் கிடைக்குது. கிடைச்ச நிலமும் உரக்கடன், விதைக்கடன்னு கையைவிட்டுப் போகுது. கடைசியில அதே நிலத்துல காற்றாலை சுத்துது. ரங்கசாமி யூனிஃபார்ம் போட்டு அதுக்குக் காவல் இருக்கான். தன் நிலத்துக்குத் தானே வாட்ச்மேன். உலகமயம், கார்ப்பரேட்னு நாம மேடையில ஒரு மணி நேரம் பேசுறதை அந்த ஒரு காட்சி சொல்லிருச்சு.

இதைப் பாராட்டுறேன். பாராட்டிட்டு விமர்சனத்தையும் சொல்லணும், இல்லாட்டி நாம இயக்கம் இல்லை, ரசிகர் மன்றம். அந்தப் படம் வர்க்கத்தை விரிவாப் பேசுது. தொழிற்சங்கம், முதலாளி, துரோகம் எல்லாம் வருது. ஆனா நான் பார்த்தவரைக்கும் சாதி முன்னுக்கு வரலை. இந்த மண்ணுல நிலம் இல்லாதவன் ஏன் நிலம் இல்லாதவனா இருக்கான்? சும்மா ஏழையாப் பொறந்ததாலயா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் அறிக்கை எழுதி, 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு உத்தரவு வந்தது ஏன்? நமக்கு நிலம் மறுக்கப்பட்டது பொறப்பை வச்சு. அப்ப நிலம் வாங்கப் போற ரங்கசாமிகிட்ட "நீ எந்தத் தெரு?" என்று எவனாவது கேட்டிருப்பான்ல? அந்தக் காட்சியை இன்னொருத்தர் எழுதலைன்னு குறை சொல்றதோட நம்ம வேலை முடியாது. அது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குற காட்சி.

சரி, எப்படி எழுதறது? எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எடுப்போம். ஜீப்பு.

எங்க அம்மா இருபத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறினவங்க. உங்க வீட்லயும் அப்படித்தான் இருப்பாங்க. இருட்டோட தெருமுனையில நிப்பாங்க. தூக்குவாளி, அட்டைக்குப் புகையிலை, மழைக்கு ஒரு பாலித்தீன் தாள். போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம். சாயங்காலம் காயை நிறுக்கும்போது கூடைக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க. நாலஞ்சு கிலோ பச்சைக்காய் ஸ்டோர்ல காஞ்சாத்தான் ஒரு கிலோ ஏலக்காய். 2019 ஆகஸ்டுல ஏலத்துல அதிகபட்சமா ஒரு கிலோ 7000 ரூபாய் தொட்டுச்சு. அன்னைக்குக் காய் எடுத்தவளோட ஒரு நாள் கூலி அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

இது அம்புட்டும் தகவல். எழுதறவனுக்குத் தகவல் வேணும், ஆனா தகவல் காட்சி ஆகாது. காட்சி எதுன்னு சொல்றேன்.

விடியக்காலம். ஜீப்பு நிக்குது. பின்னாடி பெண்கள் நெருக்கிப்பிடிச்சு உக்காந்திருக்காங்க. இடமே இல்லை. முன்சீட்டுல ஒரு இடம் காலி. பதினேழு வயசுப் பொண்ணு, இன்னைக்குத்தான் முதல் நாள். விவரம் தெரியாம முன்சீட்டுல ஏறி உக்காந்துடுறா. டிரைவர் அவளைப் பார்க்காம, ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றான்: "பின்னாடி போம்மா. கங்காணி வருவாரு." பின்னாடி பேச்சு நின்னு போகுது. அவளோட அம்மா கையை நீட்டி மகள் சட்டையைப் பிடிச்சு இழுக்குறா. பொண்ணு இறங்குறா. ஜீப்பு கிளம்புது. வழியில எங்கயும் கங்காணி ஏறலை. முன்சீட்டு காலியாவே மலை ஏறுது.

இவ்வளவுதான். யாரும் சாதிப் பேரைச் சொல்லலை. காலியான அந்தச் சீட்டு சொல்லுது. நகரத்துல உக்காந்து பார்க்குறவனுக்கும் சுருக்குன்னு தைக்கும். இப்ப அடுத்த காட்சியை நீங்க சொல்லுங்க.

(மாணவி ஒருவர்: "மறுநாளும் அவ முன்சீட்டுல ஏறணும்.")

சபாஷ் தங்கச்சி! அதுதான் திரைக்கதை. முதல் நாள் தெரியாம ஏறினா. ரெண்டாம் நாள் தெரிஞ்சே ஏறுறா. அதே சீட்டு, அதே பொண்ணு, ஆனா வேற காட்சி. அப்ப அம்மா என்ன செய்வா? திட்டுவாளா, அழுவாளா, இல்லை பின்னாடி இருக்குறவங்க "அவ அங்கதான் உக்காருவா"ன்னு ஜீப்பை விட்டு இறங்குவாங்களா? கூலி போகுமே, அடுப்பு எரியணுமே, அந்தக் கணக்கும் ஓடணும். ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு முடிவு, முடிவுக்கு ஒரு விலை. சினிமாப் புத்தகங்கள்ல பக்கம் பக்கமாச் சொல்றது எல்லாம் இந்த ஜீப்புக்குள்ள இருக்கு.

இது நம்ம ஜீப்புக்கு மட்டும் இல்லை. மாரி செல்வராஜ் சின்ன வயசுல வாழைத்தார் சுமந்தவர். தார் ஏத்துன லாரியில கூலிச் சனத்தையும் ஏத்திவிட்டு நடந்த விபத்தை வருஷக்கணக்கா மனசுல வச்சிருந்து 2024-ல் 'வாழை' எடுத்தார். நடுவுல என்ன செஞ்சார்? இயக்குநர் ராமிடம் உதவியாளரா இருந்தார், சிறுகதை எழுதினார், பத்திரிகையில தொடர் எழுதினார். 2018-ல் 'பரியேறும் பெருமாள்'. அதாவது, மனசுக்கு ரொம்ப நெருக்கமான கதையை அவர் முதல்ல எடுக்கலை. கை பழகின பிறகு எடுத்தார்.

மதுரை மேலூர்ப் பக்கத்து வினோத்ராஜ் இன்னொரு பாடம். சின்ன வயசுலயே திருப்பூர் பனியன் கம்பெனி வேலை, அப்புறம் சென்னையில டிவிடி கடை வேலை. அவரோட சகோதரியைப் புருஷன்காரன் விரட்டிவிட, கைப்பிள்ளையோட பதிமூணு கிலோமீட்டர் வெயில்ல நடந்தே வந்தாங்களாம். அந்த ஒரு நடைதான் விதை. அதைத் திருப்பிப் போட்டு, குடிகார அப்பனும் மகனும் பொட்டல்ல நடக்குற நடையா ஆக்கினார். 'கூழாங்கல்' 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல புலி விருது வாங்குச்சு. ஒரு முழுப் படம், ஒரு நடை. "என்கிட்ட பெரிய கதை இல்லையே அண்ணே"ன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க.

எழுதும்போது ரெண்டு குழி இருக்கு, பார்த்து நடங்க. ஒண்ணு, நம்மளை நாமே பாவமாக் காட்டுறது. நாம அழுதா கைதட்டிட்டு வீட்டுக்குப் போற கூட்டம் ஒண்ணு இருக்கு. நம்ம சனம் அழ மட்டுமா செய்யுது? 2015 செப்டம்பர்ல மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், அதுல பெரும்பாலும் தமிழ் பேசுற தலித் பெண்கள், போனஸுக்காக ரோட்டுல உக்காந்தாங்க. பெரிய தொழிற்சங்கத் தலைவர்களையே "கிட்ட வராதே"ன்னு விரட்டினாங்க. 'பெண்கள் ஒற்றுமை'ன்னு பேர் வச்சுக்கிட்டாங்க. அந்தப் பெண்கள் ராத்திரி என்ன பேசிச் சிரிச்சிருப்பாங்க? அந்தச் சிரிப்பை எழுதுங்க. நம்ம வீட்டுக் கிண்டல், கல்யாண வீட்டுச் சண்டை, பறையடிச்சு ஆடுற ஆட்டம், காதல் எல்லாம் எழுதுங்க. நம்ம வீட்டு ஆம்பளை கை நீட்டுறதையும் மறைக்காம எழுதுங்க.

ரெண்டாவது குழி, நடுநிலைங்கிற பேர்ல மழுப்புறது. 1989 போடிக் கலவரத்தை உங்க வீட்டுப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. இப்படி எது நடந்தாலும் பத்திரிகையில எழுதுற பாஷை ஒண்ணு இருக்கு: "இரு தரப்பினர் மோதல்." குடிசை எரிஞ்சவனும் ஒரு தரப்பு, தீ வச்சவனும் ஒரு தரப்பு. திரைக்கதையில 'இரு தரப்பினர்' கிடையாது. கேமரா எங்கயாவது ஒரு இடத்துல நின்னுதான் ஆகணும். எரிகிற குடிசைக்குள்ள நிக்குதா, எதுத்த மாடியில நிக்குதா? கேமராமேன் வர்றதுக்கு முந்தியே அந்த இடத்தை முடிவு பண்றவன் எழுதுறவன். அதனாலதான் நம்ம பிள்ளைகள் நடிக்க மட்டும் போனாப் பத்தாது, எழுதவும் போகணும்னு தொண்டை வத்தக் கத்துறேன். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. அதுல நடிச்சவர் பி.கே. ரோஸி, நம்ம சனம். நாயர் பெண்ணா நடிச்சதுக்காக 1930-ல் திருவனந்தபுரத்துல கல்லெறிஞ்சு விரட்டுனாங்க. இந்த மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இது. அவர் முகம் திரையில வந்துச்சு. அதைக் காப்பாத்திக்கிற பலம் நம்ம கையில இல்லை.

இப்ப மூணாவது விஷயம். யார் பேர்ல எழுதி வைக்கிறது?

என் கதையைச் சொல்றேன். பெயர் வேண்டாம். சென்னை போன மூணாவது வருஷம், ஒரு இயக்குநர் டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு உண்டு, பேட்டா உண்டு, கௌரவமா இருந்துச்சு. நான் அம்மா போன ஜீப்பு கவுந்த கதையைச் சொன்னேன். கவுந்த பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்து மருத்துவச் செலவு கேட்டுத் தோட்டத்து வாசல்ல உக்காந்தது வரைக்கும் சொன்னேன். அறையே அமைதியாச்சு. "பிரமாதம் தம்பி"ன்னு தோள்ல தட்டினார். ரெண்டு வருஷம் கழிச்சுப் படம் வந்துச்சு. ஜீப்பு இருந்துச்சு. அம்மா சொன்ன வசனம்கூட ஒண்ணு இருந்துச்சு. ஆனா வாசல்ல உக்காந்த பெண்கள் இல்லை. அதுக்குப் பதிலா ஊர்ப் பெரிய வீட்டு ஹீரோ வந்து எல்லாரையும் காப்பாத்துறார். என் சனம் அவர் கால்ல விழுகுது.

பேர் போடலைங்கிறது எனக்கு ரெண்டாவது வலிதான். எங்க அம்மா யார் கால்லயும் விழலை தோழர்களே. அதை மாத்தினதுதான் முதல் வலி. நான் என்ன செஞ்சிருக்க முடியும்? ஒண்ணும் முடியாது. ஏன்னா நான் சொன்னேன், எழுதலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பின்னாடிதான் படிச்சேன். ஆர்.ஜி. ஆனந்த் என்கிற நாடக ஆசிரியர் தன் நாடகத்தை ஒரு சினிமா இயக்குநர்கிட்ட சொன்னார். 1956-ல் 'நியூ டெல்லி'ன்னு இந்திப் படம் வந்துச்சு. என் நாடகம்தான்னு வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லுச்சு. கருவுக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்கும் அமைப்புக்கும்தான் உண்டு. அப்ப நீங்க வாயில சொல்ற கதை புறம்போக்கு மாதிரி. யாரும் வேலி போட்டுக்கலாம். முழுசா எழுதின பக்கம்தான் பட்டா.

எழுதி முடிச்ச உடனே பதிப்புரிமை உங்களுது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்துல பதிவு கட்டாயம் இல்லை. ஆனா சண்டை வந்தா, எந்தத் தேதியில உங்ககிட்ட என்ன இருந்துச்சுன்னு காட்டணும். அதுக்குப் பதிப்புரிமை அலுவலகத்துல பதியலாம். சென்னையில தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துல பதியலாம். 2018-ல் 'சர்கார்' படம் வர்றப்ப என்ன நடந்துச்சு? 2007-ல் சங்கத்துல பதிஞ்சு வச்ச 'செங்கோல்'ங்கிற கதை குறுக்கே நின்னுச்சு. விவகாரம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், அந்த எழுத்தாளருக்குப் படத்துல அங்கீகாரம் கொடுக்குறதா சமரசம் ஆச்சு. பதினோரு வருஷம் பழைய காகிதம் அவ்வளவு பெரிய படத்தை ஒரு நிமிஷம் நிறுத்துச்சு. காகிதத்தோட பலம் அது.

சரி தம்பி, யாரைப் பார்க்கணும்னு கேட்டீங்கள்ல, இப்ப சொல்றேன். முதல்ல பத்துப் பக்கத்துல ஒரு குறும்படம் எழுதுங்க. காட்சி எண், உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா, இதைத் தலைப்பாப் போட்டு, கீழே கண்ணுக்குத் தெரியுறதையும் காதுக்குக் கேட்குறதையும் மட்டும் எழுதுங்க. "அவள் மனம் வெந்தாள்"னு எழுதக்கூடாது. மனசு வெந்தா அவ கை என்ன செய்யுதுன்னு எழுதணும். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். செல்போன்லயே எடுங்க. நம்ம தெருவுலயே காட்டுங்க. முதல் விமர்சகர் நம்ம அம்மாக்கள்தான்.

அப்புறம் படிக்கணும். சென்னை தரமணியில அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கு. அரசு நிறுவனம், இடஒதுக்கீடு நம்ம உரிமை, விண்ணப்பம் போடுங்க. பா. இரஞ்சித் தொடங்கின கூகை திரைப்பட இயக்கத்தின் நூலகம் இருக்கு. உதவி இயக்குநர்கள் உக்காந்து படிக்குற இடம். நான் போனப்ப அப்படி ஒரு வாசல் இல்லை. அறை தேடும்போது "எந்த ஊரு, அங்க எந்தப் பக்கம்?"னு கேட்டு ஆழம் பார்ப்பாங்க, இன்னும் கேட்குறாங்க. தனியாப் போகாதீங்க, ரெண்டு மூணு பேரா போங்க. ஒருத்தர் எழுத, ஒருத்தர் வேலைக்குப் போக, முறை வச்சுக்கோங்க. டிகிரியைப் பாதியில விட்டுட்டு ஓடாதீங்க. பசியில எழுதினா நல்லா வரும்கிறது பசிச்சவன் சொன்னது இல்லை.

உதவியாளராச் சேர்ந்தா வேலையைக் கத்துக்கோங்க. ஒன்லைன், சீன் ஆர்டர், டிஸ்கஷன் எல்லாம் கத்துக்கோங்க. அவங்க கதைக்கு உங்க மூளையைக் கொடுங்க, சம்பளம் வாங்குங்க. உங்க அம்மாவோட கதையை மட்டும் எழுதிப் பதியுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.

முடிச்சுக்கிறேன். அடுத்த மாசம் இதே இடத்துல கூடுறோம். வரும்போது ஒவ்வொருத்தரும் மூணு பக்கம் கொண்டு வரணும். தலைப்பு, முன்சீட்டு. அந்தப் பொண்ணு ரெண்டாம் நாள் ஏறுறா. அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு எழுதணும். எழுதறதுக்கு முந்தி ஒரு நாள் விடியக்காலம் எந்திரிச்சு, தெருமுனைக்குப் போய், ஜீப்புல யார் எங்க உக்கார்றாங்கன்னு பாருங்க. கேட்டா, "எங்க அம்மாவை ஏத்திவிட வந்தேன்"னு சொல்லுங்க. பொய் இல்லையே.

மூணு பக்கத்துக்கும் கீழே தேதி போட்டு, உங்க பேரை முழுசா எழுதணும். மறந்துறாதீங்க.